நாலு கோல் தூரத்தில் ஒரு வீடு

மார்த்தாண்டத்தில் வண்டிகளுக்குக் கடன் கொடுத்துப் பிழைக்கும் நேசையன் ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு முதலாளியானது ஆட்டம் தெரிந்ததால் அல்ல. அவருக்குப் பந்துக்கும் பலாக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது என்று அவர் மனைவி லில்லியே சொல்லுவாள். ஏலம் என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் வாயைக் கட்டிவைக்க முடியாத பழக்கம் அவருக்கு இருந்தது. அதுதான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஏழுதெங்குத்துறை என்ற கடற்கரை ஊரின் இராயப்பர் கோயிலில் அன்று பத்தாம் திருவிழா. கொடிமரத்துக்குப் பித்தளைப் பூண் போட நேசையன் பணம் கொடுத்திருந்தார் என்பதால் பங்குச்சாமி அவரை அழைத்து, முன்வரிசையில் கைவைத்த நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். பூசை முடிந்து நேர்ச்சைப் பொருட்களை ஏலம் விடத் தொடங்கினார்கள். சேவல் போயிற்று, பூசணிக்காய் போயிற்று, செவ்வாழைக்குலை போயிற்று, கடைசியில் ஒரு பனையோலைக் கடவத்தைத் தூக்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். அதற்குள் ஒரு பந்து, பதினோரு சட்டை, ஒரு விசில், கிளப்பின் பதிவுச் சான்று. அந்த வருடம் ஆழ்கடலில் எஞ்சின் நின்று பதினோரு நாள் மிதந்த விசைப்படகில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கிளப் ஆட்டக்காரர்கள். உயிரோடு கரை சேர்ந்தால் இராயப்பருக்கு என்ன தருவது என்று யோசித்தபோது படகு சொந்தமில்லை, வலை சொந்தமில்லை, எஞ்சின் சொந்தமில்லை, சொந்தமாக இருந்தது கிளப் ஒன்றுதான், ஆகவே அதையே நேர்ந்துகொண்டார்கள்.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு, எங்கும் எழுதிவைத்ததல்ல. நேர்ந்தவன் தன் பொருளுக்குத் தானே ஒரு விலை கேட்பான், எதிர்த்து ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஏலம் விடுகிற கோயில்பிள்ளை மூன்று எண்ணி முடிப்பார், காசு புனிதருக்குப் போகும், சேவல் வீட்டுக்குத் திரும்பும். நேசையன் போகிற மேட்டுப்பக்கத்துச் சபையிலோ காரியம் நேரெதிர். அங்கே அறுப்பின் பண்டிகையில் ஒருவர் கத்தரிக்காயை நூறு என்றால் அடுத்தவர் இருநூறு என்று ஏற்றிவிட வேண்டும், ஏற்றாதவருக்குப் பக்தி போதாது என்று பேச்சு வரும். அந்த வகையில் நேசையன் ஒரு சுரைக்காயை நாலாயிரத்துக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டவர். ஆகவே கிளப் கேப்டன் பிலவேந்திரன் எழுந்து "ஐந்நூறு" என்றதும், விருந்தாளிக்கு அழகு இதுதான் என்று நினைத்து நம்மவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயாயிரம்" என்றார்.

கோயில்பிள்ளைக்கு மூன்று சொல்ல நாக்கு எழவில்லை, சொல்லாமலும் முடியாது, புனிதருக்கு முன்னால் கூறிய விலையைத் திரும்ப விழுங்க யாருக்கும் உரிமையில்லை. பிலவேந்திரனே கடவத்தைத் தூக்கிவந்து நேசையனின் மடியில் வைத்தான்.

"கிளப்பு இனிமே உங்களுக்காக்கும் முதலாளி," என்றான். "ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்கு. நேரத்துக்கு வந்துருங்க."

அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் நேசையனை உறுத்தியது. தவணை ஒரு நாள் தவறினால் மறுநாள் விடிவதற்குள் வண்டியைத் தூக்கிவிடுகிற மனிதர் அவர். சாமான் கைமாறும்போது எதிராளி கத்துவதோ அழுவதோதான் அவருக்குப் பழக்கம்.

லில்லி பக்கத்தில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருப்பாள், அவள் அந்தத் துறையில் பிறந்தவள். ஆனால் அவள் அங்கே கால் வைத்து முப்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. மீன் வண்டி ஒன்றைத் தூக்க வந்த நேசையனோடு வண்டிக்காரனுக்காக அவள் வழக்காடப் போய், வழக்கு ஒரு வாரம் நீண்டு, கடைசியில் வண்டியை விட்டுவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனவர் என்று இன்றைக்கும் அவரைத் துறையில் சொல்லுவார்கள். லில்லியின் அப்பா வாசலில் நின்று, இந்த வீட்டில் இனி உன் கால் படக்கூடாது என்று சொல்லிக் கதவை அடைத்தவர், திறக்காமலே பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனார். மூன்று வருடம் கழித்து ஆனி மாதக் கடலில் அந்த வீடும் போயிற்று. கரையோர முதல் வரிசை வீடு அது. அதன்பின் கடல் ஒவ்வொரு வரிசையாகத் தின்றுகொண்டு வந்து, இப்போது நாலு வரிசை தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

கடவத்தோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து லில்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கடலு இப்பம் எங்க நிக்கி?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது வரிசைக்க வாசல்ல."

அவள் பந்தைத் திரும்பக் கடவத்துக்குள் வைத்தாள்.

ஏழுதெங்குத்துறைக்கும் அடுத்த துறையான சின்னப்பாறைக்கும் நடுவில் இருந்த மணல் திடல்தான் இரண்டு ஊருக்கும் கிரவுண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இரண்டு ஊர் கிளப்புகளும் மோதின. நேசையன் முதலாளி என்பதால் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் தன்னுடையது என்று பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். நாற்பதாவது நிமிடத்தில் அவருடைய பக்கம் கோல் போட்டது. வலை குலுங்கிய அதே நொடியில் ஏழுதெங்குத்துறைக் கடல், உட்கார்ந்திருந்தவர் எழுந்து பாயைச் சுருட்டுகிற மாதிரி, அலைகளைச் சுருட்டிக்கொண்டு ஒரு வரிசை வீடுகளின் தூரம் பின்னால் போயிற்று.

நாலாவது வரிசை வெளியே வந்தது. பதினேழு வீடுகள், கூரையோடும் கதவோடும் படியோடும், பாசி பிடித்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஒழுக, முற்றத்துத் துணிக்கொடியில் கவ்விகூடக் கழலாமல் வரிசையாக நின்றன. ஒருவரும் அலறவில்லை. பங்குச்சாமி எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு, நடுவரைப் பார்த்து, ஆட்டத்தை முடிங்க, பாதியில நிறுத்தினா அது வேற பிரச்சனை ஆவும் என்றார். ஆட்டம் நடந்தது, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது, அதற்குள் பெண்கள் விளக்குமாறும் வாளியுமாக நாலாவது வரிசைக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு வீட்டு அடுக்களையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊறப்போட்ட உளுந்து முளைத்துக் கிடந்தது என்றும், ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து திருக்கை மீன் ஒன்றைக் கம்பால் விரட்டவேண்டியிருந்தது என்றும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் மின்வாரியத்து ஆள் வந்து கம்பி இழுத்தார். கிராம அலுவலர் வந்து பார்த்துவிட்டு, புத்தகத்தில் இந்த இடம் கடல் என்று இருக்கிறது, கடலுக்கு வீட்டுவரி வாங்க வழியில்லை, ஆகவே யாரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

நேசையன் அந்த வரிசையில் மேலும் கீழும் நடந்தார். ஐம்பத்தொன்பது வயதுவரை அவர் நம்பியது ஒன்றே ஒன்றை, போன சாமான் திரும்ப வராது என்பதை. ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார், சுவர் சுவராகவே இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விஷயம் தெரிந்தது. கோல் விழுந்த அதே நிமிடத்தில் சின்னப்பாறையில் கரையோர வரிசை முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. எல்லாரும் கிரவுண்டில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை, பானை சட்டி எல்லாம் போயிற்று. நேசையன் பிலவேந்திரனைத் தேடிப்போனார். அவன்தான் கோலைக் காக்கிற கோலி, கதவு அகலத்துக்குத் தோள் உள்ளவன், வலை முடைந்துகொண்டிருந்தான்.

"ஒனக்கு இது முன்னமே தெரியுமாடே?"

"கடலு புதுசா மண்ணு ஒண்ணும் செய்யாது முதலாளி. இங்கேருந்து எடுத்து அங்க வைக்கும், அவ்வளவுதான். இது கடல்ல போற எல்லாருக்கும் தெரியும்." அவன் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு முடிச்சை இறுக்கினான். "வாற ஞாயித்துக்கெழம ஒரு கோலு திருப்பி வாங்கணும்."

"வாங்குறதுன்னா?"

"நான் பந்தைப் பிடிக்க மாட்டேன். வேற என்ன?"

அப்படியே நடந்தது. சனிக்கிழமை பதினேழு வீட்டுக்காரர்களும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, துடைத்த தரையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியேறினார்கள். யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை, ஆள் அனுப்பவில்லை, மிரட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்து பிலவேந்திரனின் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளே போயிற்று, கடல் தன் இடத்துக்கு வந்தது, சின்னப்பாறையில் கரையோர வரிசை எழுந்து நின்று ஈரம் சொட்டியது. தானாகத் திருப்பிக் கொடுக்கிறவர்களை நேசையன் தன் தொழிலில் கண்டதே இல்லை. அன்று இரவு அவரால் சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு இது ஒரு முறையாகிவிட்டது. வேறு ஊர்க் கிளப்புகளோடு ஆடினால் கடல் அசையவில்லை, அந்த ஆட்டங்களில் ஜெயித்தார்கள், தோற்றார்கள், அடிதடியும் போட்டார்கள். ஆனால் ஞாயிறு சாயங்காலம் இரண்டு துறைகளும் ஆடும்போது முதலில் ஒரு பக்கம் ஒரு கோல், அரை மணி கழித்து மறுபக்கம் ஒரு கோல், அடுத்து அந்த மறுபக்கமே முந்திக்கொள்ளும், முதல் பக்கம் ஈடுகட்டும், இரண்டுக்கு இரண்டு ஆனபின் இரண்டு கோலிகளும் உயிரைக் கொடுத்துப் பந்தைத் தடுப்பார்கள். நடுவில் கிடைக்கும் அந்த அரை மணியில் முங்கிய வரிசைக்காரர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்வருவார்கள். சிலர் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோய்ப் பழைய திண்டில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி புது மருமகனைக் கூட்டிக்கொண்டுபோய் அறை அறையாகக் காட்டினாள். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்ததில் பாக்கியிருந்த சண்டையை அந்த அரை மணிக்குள் போட்டு முடித்துவிட்டு, பிலவேந்திரனின் விசில் கேட்டதும் ஒன்றாக ஏறி வந்தார்கள். சின்னப்பாறைக்காரர்கள் தங்கள் முறை வரும்போது முங்கிப்போன குருசடியில், சிலுவை நட்ட அந்தச் சின்னக் கோயிலில், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கடல் திரும்ப மூடும்போது சுடர் அணையாமல் ஒரு நொடி தண்ணீருக்குள் நின்று எரியும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், நேசையனும் ஒருநாள் பார்த்தார்.

இதையெல்லாம் அவர் வாராவாரம் லில்லியிடம் வந்து சொன்னார். அவள் கறிக்கு நறுக்கியபடி கேட்பாள், துணி மடித்தபடி கேட்பாள். ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை, சொல்லி முடித்தவரைப் பார்த்து, "எனக்கு எங்க அப்பா வீட்டுக்குள்ள ஒருதடவ போவணும்," என்றாள்.

முப்பத்தோரு வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது. அப்பா இறந்தபோதுகூட, வண்டியை எடுத்துவைத்துவிட்டு வாசலில் நின்ற அவரிடம், அவரு சொன்ன சொல்லு அவரோட போவல்ல என்று சொல்லி உள்ளே போய்விட்டவள் அவள்.

"அது முதல் வரிசைல்லா பிள்ள," என்றார் நேசையன். "நாலு கோலு ஆவும்."

"தெரியும்."

நாலு கோல் என்றால் சின்னப்பாறையில் நாலு வரிசை வீடுகள் முங்கவேண்டும். ஒரு வரிசை என்றால் சின்னப்பாறைக்காரர்கள் வீட்டைக் காலி செய்து வைத்துவிட்டு ஒரு சிரிப்போடு நிற்பார்கள். நாலு வரிசை என்பது பாதி ஊர். நாலையும் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கும்வரை நம்பி நிற்க வேண்டும், ஏழுதெங்குத்துறைக்காரர்கள் திருப்பித் தராமல் அப்படியே விசில் ஊதிவிட்டால் அந்த ஊர் அதோடு போயிற்று. பிலவேந்திரனிடம் கேட்டார். "எங்கிட்ட கேக்கப்பிடாது முதலாளி, ஜெனோவாக்காகிட்ட கேளுங்க," என்றான்.

ஜெனோவா சின்னப்பாறை கிளப்பின் தலைவி. தலையில் மீன்பாத்திரம் சுமந்து முப்பது வருடம் மேட்டுப்பக்கம் விற்றவள், புருஷன் போனபிறகு அவன் வகித்த பதவியில் அவளே உட்கார்ந்தாள், எழுந்திருக்கச் சொல்லுகிற தைரியம் ஆண்களில் ஒருவருக்கும் இல்லை. கரையிலிருந்து நாலாவது வரிசையில் அவள் வீடு. நேசையன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"நீங்க கடன் குடுத்தா என்ன வாங்குவிய?"

"ஈடு வாங்குவேன்."

"அப்பம் எங்களுக்கு என்ன ஈடு தருவிய?"

அவர் கடையைச் சொன்னார், நகையைச் சொன்னார், மார்த்தாண்டத்து மாடிவீட்டுப் பத்திரத்தைச் சொன்னார். ஜெனோவா ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நாலு வரிசை மனுசரு குடியிருக்கிய வீட்டுக்கு ஈடாட்டு தாளக் கொண்டு வச்சா, தாளு நனைஞ்சு போவும்லா."

எதிரில் இருக்கிறவரின் நெஞ்சுக்குள் எது வலிக்கும் என்று பார்த்து ஈடு கேட்கிற தொழில் நேசையனுடையது, இதைவிடச் சரியாக அவரே கேட்டிருக்க முடியாது. "அப்பம் நானே இருக்கேன்," என்றார். "ஒங்க வீட்டுக்குள்ள. நாலு கோலும் திரும்பி வாற வரைக்கும்."

ஜெனோவா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஞாயித்துக்கெழம சாப்பாடு எங்க வீட்டுல," என்றாள்.

இரண்டு ஊரும் ஒரு வாரம் அதற்கென்றே வேலை செய்தன. சின்னப்பாறையில் நாலு வரிசைக்காரர்களும் கட்டில், அரிசி மூட்டை, ஆடு, கோழி, கைக்குழந்தை, டிவி எல்லாவற்றையும் மேட்டுக்கு ஏற்றினார்கள். ஏற்றக் கைகொடுத்தவர்கள் ஏழுதெங்குத்துறைக்காரர்கள். இது யாருக்காக என்று கேட்டவர்களுக்கு, நம்ம லில்லி ஒருதடவ அப்பன் வீட்டுக்குப் போவணுமாம் என்ற பதிலே போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேசையன் லில்லியைக் காரில் கொண்டுவந்து கிரவுண்டு ஓரத்தில் இறக்கினார். அவள் செருப்பைக் காருக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு மணலில் கால் வைத்தாள். "நீங்க எங்க இருப்பிய?" என்று கேட்டாள். "இங்கனதான், பக்கத்துல," என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், ஆகவே மற்றதை அவர் சொல்லவில்லை.

ஜெனோவா வாளைமீன் குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் பரிமாறினாள். அவர் கைகழுவும்போது முதல் ஆரவாரம் கேட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்து வந்தன, ஒவ்வொன்றுக்கும் முன்வரிசைகளில் கடல் நுழைகிற சத்தம், ஓடுகளுக்கு அடியில் காற்று பெருமூச்சு விடுகிற சத்தம். நாலாவது ஆரவாரம் வந்ததும் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர், வீட்டுக்காரர் வருகிற உரிமையோடு, உள்ளே வந்தது.

"நீங்க மேட்டுக்குப் போங்க," என்றார் நேசையன்.

"வீட்டுக்கு வந்த ஆள விட்டுட்டு எறங்கிப் போவ முடியுமா? நல்ல கத," என்று ஜெனோவா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டுரலின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

கால்மணி நேரம் என்பது பேச்சு. லில்லி உள்ளே போவாள், பார்ப்பாள், வெளியே வருவாள், பிலவேந்திரன் கையை உயர்த்துவான், நாலு கோலும் திரும்ப விழும். தண்ணீர் கணுக்கால் வந்தது, முழங்கால் வந்தது. கால்மணி ஆயிற்று. சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் அடிப்பாகத்தைச் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கொத்தின, தண்ணீர் வழியாக வந்த வெளிச்சம் கூரை முழுக்க ஆடியது, பச்சையும் பொன்னுமாக, கோயிலில் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது நேசையனுக்கு. அரைமணி ஆயிற்று. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கிரவுண்டிலிருந்து சத்தமே இல்லை.

"என்னத்துக்கு இப்பிடிக் கெடக்கு?" என்றாள் ஜெனோவா. "ஒரு கூக்குரலும் காணல்லியே."

நாலாயிரம் பேர் நிற்கிற இடம் அது. விசில் இல்லை, கடலைக்காரன் சட்டியைத் தட்டுகிற சத்தமில்லை, ஒரு குழந்தை அழவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள் என்றால் இப்படித்தான் இருக்கும். நேசையனுக்கு ஏமாந்துவிட்டோமா என்ற நினைப்பு வந்தது, அதைவிட மோசமாக, இந்தப் பெண்பிள்ளையை ஏமாற்றிவிட்டோமா என்ற நினைப்பு வந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"நீங்க என்ன நெனைக்கியன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஜெனோவா. ஆட்டுரலில் இருந்து இறங்கி, அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவள் நீந்தத் தெரிந்தவள், கதவு வழியாக எந்த நிமிடமும் போய்விடலாம். "வேணும்னா சொல்லுங்க. ஒரு கூவு கூவுனா பயலுவ ஓடி வருவானுவ. கோலு உடனே விழும்."

நேசையன் வாயைத் திறந்தார். எத்தனை பேர் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று இரண்டு நாள் பொறுங்க சார், ஒரு நாள் பொறுங்க சார் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒரு மணி நேரம்கூட அவர் கொடுத்ததில்லை. அது கொடுக்கக்கூடிய பொருள் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. லில்லி இப்போது அந்த வீட்டில் எந்த அறையில் நிற்கிறாளோ, எதைத் தொடுகிறாளோ, எதன்முன் உட்கார்ந்து அழுகிறாளோ, அது முடியவில்லை, முடிந்திருந்தால் வந்திருப்பாள். தாடைக்குக் கீழே தண்ணீர் குளிர்ந்தது. பயத்தில் பல் அடித்துக்கொண்டது, அதை மறைக்க அவரால் முடியவில்லை.

"வேண்டாம்," என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் அவ."

ஜெனோவா காலரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் கூரையைப் பார்க்க வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தூரத்தில் ஒரு ஆரவாரம் வெடித்தது, அதற்குமேல் இன்னொன்று, மூன்றாவது, நாலாவது, தண்ணீர் அவருடைய கழுத்தையும் நெஞ்சையும் இடுப்பையும் விட்டுவிட்டு, மீன்களைக் கூட்டிக்கொண்டு, வந்த வாசல் வழியாகவே வெளியே போயிற்று.

அவர் வாசற்படியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தபோது பிலவேந்திரனின் பைக் வந்தது. பின்னால் லில்லி இருந்தாள். பைக்குக்குப் பின்னால் இரண்டு ஊர்க்காரர்களும் நடந்து வந்தார்கள், இன்னும் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பிலவேந்திரன்தான் சொன்னான். முதல் வரிசை எழும்பியதும் லில்லி தனியாகத்தான் உள்ளே போனாள். கால்மணி ஆகியும் காணவில்லை என்று அவன் போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். நடு அறையில், ஈரத் தரையில், கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிவந்து நடுவர் காதில் சொன்னான், நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், செய்தி காதுக்குக் காது போய் நாலாயிரம் பேரும் வாயை மூடினார்கள். கடலைக்காரன் அடுப்பை அணைத்தான். தாய்மார் குழந்தைகளை மாரோடு அணைத்துக்கொண்டார்கள். ஆட்டம் நிற்கக் கூடாது என்பதால் இருபத்திரண்டு பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பந்தை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், மணலில் பந்து உருளுகிற சத்தம்கூட வராமல், முக்கால்மணி நேரம். அதில் பதினோரு பேர் தங்கள் வீடுகள் முங்கிக் கிடக்கிற சின்னப்பாறைக்காரர்கள்.

லில்லி பைக்கிலிருந்து இறங்கி அவரிடம் வந்தாள். கன்னத்தில் தரையின் மணல் ஒட்டியிருந்தது, தூக்கம் கலையாத முகம். கழுத்துவரை நனைந்திருந்த சட்டையைப் பார்த்தாள், காலரைப் பிடித்தபடியே நின்ற ஜெனோவாவைப் பார்த்தாள், வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்தது.

"சும்மா ஒருநிமிசம் படுத்துப் பாப்பம்னு நெனச்சேன்," என்றாள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்து. "இத்தன பேரு நிக்கியள். எழுப்பியிருக்கலாம்லா."

ஜெனோவா காலரை விட்டுவிட்டுத் தன் சேலை முந்தியைப் பிழிந்தாள்.

"அப்பன் வீட்டுல ஒறங்குத பிள்ளய யாரு எழுப்புவா?" என்றாள்.